நீலத் திட்டும் மேஸ்திரியின் சுத்தியலும்

மீஞ்சூரில் மொட்டை மாடி வேலைக்கு ஒரு விசித்திரமான காலக்கணக்கு உண்டு. ஒழுகுவது ஐப்பசி, கார்த்திகையில். ஆள் கூப்பிடுவது மாசி, பங்குனியில். மழையோடு மழையாக வேலை செய்ய முடியாது. மழை விட்டதும் பொங்கல் செலவு வந்துவிடும். கடைசியில் மேஸ்திரி ஏணி ஏறி வரும் நாளில் தளம் காய்ந்து கருவாடாகக் கிடக்கும். எங்கே ஒழுகியது என்று காட்ட வீட்டுக்காரரிடம் மிச்சமிருப்பது கூடத்துச் சீலிங்கில் ஒரு பழுப்பு வட்டமும் அவருடைய ஞாபகமும்தான். மேஸ்திரி அந்த வட்டத்துக்கு நேர் மேலே போய் நிற்பார். காலால் தட்டோட்டைத் தேய்ப்பார். கைப்பிடிச் சுவரை ஒரு சுற்றுப் பார்ப்பார். "மொத்தமா பேத்துப் போட்டுரலாம் சார். அரைகுறையா செஞ்சா நிக்காது."

அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லிவிட முடியாது. எங்கே உடைப்பது என்று அவருக்கும் தெரியாது என்பதே விஷயம். சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,400 மி.மீ. மழையில் அறுபது சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் தளத்துக்குள் போன வழியை நான்கு மாதம் கழித்து, வெயிலில் நின்றுகொண்டு யார் சொல்ல முடியும்?

தளம் என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும் அது அடுக்குகளாக இருப்பது. அடியில் கம்பி கட்டிய கான்கிரீட். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, வாட்டம் பார்த்து அடித்த சுருக்கி. அதற்கும் மேல் தட்டோடு. ஓட்டின் சந்துப் பூச்சு விட்ட இடத்திலோ, கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையிலோ, மழைநீர்க் குழாயின் வாயிலோ, டிஷ் ஆன்டெனாவுக்குப் போல்ட் அடித்த ஓட்டையிலோ நீர் நுழைகிறது. நுழைந்த இடத்திலேயே அது இறங்குவதில்லை. சுருக்கிக்குள் பஞ்சில் ஊறுவதுபோல ஊறிப் படர்ந்து, வாட்டம் போகும் பக்கம் நகர்ந்து, கான்கிரீட்டில் புதைத்த கரன்ட் பைப் அகப்பட்டால் அதன் வழியே ஓடி, பத்தடி தள்ளி ஃபேன் மாட்டிய கொக்கியிலிருந்து சொட்டும். வீட்டில் எல்லோரும் ஃபேனைக் குறை சொல்வார்கள்.

இந்த இடத்தில்தான் அண்மைக் காலமாக ஒரு புது ஆள் மாடி ஏறுகிறார். கையில் கடப்பாரை கிடையாது. வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமரா, 'தெர்மல் கேமரா'.

பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2020இல் கொரோனா வந்தபோது விமான நிலையங்களில் காய்ச்சல்காரர்களைப் பிரித்துப் பார்த்தது இது. 2024 பிப்ரவரியில் கோவை மதுக்கரையில், ரயில் பாதையை நெருங்கும் யானையை இருட்டில் கண்டுபிடிக்கக் கோபுரங்களில் ஏற்றி வைத்தார்கள். ஆனால் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் மின்நிலைய வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது அதற்கெல்லாம் முன்பே பழக்கமான சாமான். மின்கம்பி இணைப்பு தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும். தடை கூடினால் சூடேறும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. சுவிட்ச்யார்டில் நின்று கேமராவைத் திருப்பினால் நூறு இணைப்புகளில் கோளாறான ஒன்று மட்டும் வெள்ளையாக எரியும். எரிந்து விழுவதற்கு முன் முடுக்கிவிடலாம். தொழிற்சாலையில் வேர்விட்ட இந்தப் பழக்கம் ஊருக்குள் வீட்டு மாடி வரை வர இத்தனை காலம் ஆனதுதான் ஆச்சரியம்.

கதையின் தொடக்கம் 1800இல். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகத்தால் வெயிலை நிறநிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, ஒளியே விழாத இடத்தில் வைத்த வெப்பமானிதான் அதிகம் ஏறியது. அகச்சிவப்பு அப்படித்தான் மனிதருக்குத் தெரிய வந்தது. அதைப் படமாக்கும் வேலை வெகு காலம் ராணுவத்தின் கையில் இருந்தது. குளிரூட்டும் சாதனம் தேவைப்படாத சின்ன உணரிச் சில்லை அமெரிக்க ராணுவத்துக்காக ஹனிவெல் நிறுவனம் உருவாக்கியது; அதன் ரகசியம் 1992இல்தான் விலக்கப்பட்டது. 2014இல் ஃபிளிர் நிறுவனம் செல்போனில் மாட்டிக்கொள்ளும் கேமராவையே கொண்டுவந்துவிட்டது. இன்று சில பத்தாயிரங்கள் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் 'தெர்மல் சர்வே' என்று போர்டு மாட்டலாம். மாட்டுகிறார்கள்.

போர்டைப் பார்த்துப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்தக் கேமராவுக்குத் தண்ணீரைத் தெரியாது. எக்ஸ்ரே மாதிரி எதற்குள்ளும் ஊடுருவாது. மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை மட்டும் நிறமாக்கிக் காட்டும். ஈரம் அந்தச் சூட்டில் விட்டுச் செல்லும் தடயத்தைத்தான் நாம் பார்க்கிறோம்; ஈரத்தை அல்ல.

தடயம் எப்படி விழுகிறது? ஒரு கிலோ கான்கிரீட்டை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படுவதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் ஒரு கிலோ தண்ணீருக்கு வேண்டும். ஊறிய சுருக்கி பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். சூரியன் இறங்கியதும் காய்ந்த இடம் சீக்கிரம் ஆறிவிட, ஊறிய இடம் ஆற மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அதனால் மாடியில் நின்று படம் எடுப்பவருக்கு நல்ல நேரம் இருட்டத் தொடங்கிய பிறகு. அப்போது ஈரத் திட்டு சுற்றுப்புறத்தைவிட வெதுவெதுப்பாகத் தெரியும். வீட்டுக்குள்ளிருந்து சீலிங்கைப் பார்த்தால் கதை தலைகீழ். அங்கே ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அந்த இடம் குளிர்ந்து, படத்தில் நீலமாக விழும். ஒரே கசிவு, மேலே ஆரஞ்சு, கீழே நீலம். நேரமும் நின்ற இடமும் தெரியாமல் படத்தை மட்டும் கையில் கொடுத்தால் அதைப் படிக்க வழியில்லை.

மாசி மாதத்து மாலை ஏழு மணிக்கு, மழை கண்டு பல வாரமான ஒரு மாடியில் இந்தத் திரையைப் பார்ப்பது நல்ல வேடிக்கை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் பகலில் விழுந்த இடம், நிழல் போய் மூன்று மணி நேரம் ஆன பிறகும், இருண்ட கட்டமாகத் தளத்தில் கிடக்கும். ஏசியின் வெளிப்பெட்டி அனல் துப்பும் மூலை பழுத்திருக்கும். வெறுங்காலோடு யாராவது குறுக்கே நடந்தால் பாதத்தின் அச்சு, விரல் விரலாக, சில விநாடி நின்று மறையும். வடகம் காயவைத்த இடத்தில் யாரோ பூசிவிட்ட சிமென்ட் ஒட்டு தனி நிறமாகத் துருத்தும். இவற்றில் எதுவுமே கசிவு இல்லை. இவ்வளவையும் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, காரணம் சொல்ல முடியாமல் மிஞ்சி நிற்கிற திட்டு எது என்று பார்ப்பதுதான் வேலை. அந்தத் திட்டு கைப்பிடிச் சுவரின் மூலையில் தொடங்கி வாட்டம் போகும் பக்கம் வால் விட்டிருந்தால், நுழைவாயில் மூலையில்தான் என்று சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. அப்போது பேர்க்க வேண்டியது ஆயிரம் சதுர அடி அல்ல, நாலடி.

பளபளப்பு இன்னொரு மோசக்காரன். செங்கல், பூச்சு, பெயின்ட் எல்லாம் தம் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உள்ளபடியே வெளியிடும். மெருகேறிய அலுமினியம் பத்தில் ஒரு பங்குகூட வெளியிடாது. அது காட்டுவது தன் சூட்டை அல்ல, எதிரே இருப்பதன் பிம்பத்தை. தெளிந்த இரவு வானம் கேமராவுக்குக் கடுங்குளிர். அதைப் பிரதிபலிக்கும் தகடு பனிக்கட்டி மாதிரி தெரியும். விவரம் தெரியாதவர் அதைச் சுற்றி வட்டம் போட்டு 'ஈரம்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட் அப்படிப்பட்டதல்ல. நம் கண்ணுக்கு வெள்ளையாக இருந்தாலும் அகச்சிவப்பில் அது ஏறக்குறைய கறுப்புப் பெயின்ட் போலத்தான் நடந்துகொள்ளும்.

மீஞ்சூருக்கென்றே ஒரு தொல்லை காற்று. சாயங்காலம் கிழக்கேயிருந்து வீசும் கடற்காற்று மாடியைத் தடவித் தடவிச் சூட்டு வித்தியாசங்களை அழித்துவிடும். வைகாசிப் புழுக்கத்தில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருக்கும்போது சீலிங் ஈரம் ஆவியாவதும் மட்டுப்படும். நீலத் திட்டு வெளுத்துப் போகும். தை, மாசியில் வானம் தெளிந்து, காற்று அடங்கிய மாலைகள்தான் இந்தப் பக்கத்துக்கு ஏற்றவை. இதைக் கேட்காமல் எந்தப் பகல் பொழுதிலும் வந்து படம் எடுத்துத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

விதிமுறை எண்ணைக் காட்டி மிரட்டுகிறவர்களும் உண்டு. கூரை ஈரத்தை அகச்சிவப்பில் தேடும் முறையை 1970களில் ஒழுங்குபடுத்தியதில் அமெரிக்க ராணுவத்தின் குளிர்ப் பிரதேச ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஏ.எஸ்.டி.எம். அமைப்பின் சி 1153 என்ற நடைமுறை பின்னால் வந்தது. அது எழுதப்பட்டது, நீர்காப்புப் படலத்துக்கு அடியில் வெப்பக்காப்பு அட்டை பரப்பிய கூரைகளுக்கு. நம் சுருக்கிக்கும் தட்டோட்டுக்கும் அல்ல. இயற்பியல் ஒன்றேதான், ஆனால் அறிக்கையில் அந்த எண் இருப்பதாலேயே முடிவு சரி என்று ஆகிவிடாது.

வெப்பப் படத்தை நம்பி உலகமே ஒருமுறை ஏமாந்திருக்கிறது. 2015 நவம்பரில் எகிப்தில் துட்டன்காமன் கல்லறையின் வடக்குச் சுவரை வெப்பக் கேமராவால் ஆராய்ந்தார்கள். ஓரிடத்தில் மட்டும் வெப்பநிலை மாறியிருந்தது. சுவருக்குப் பின்னால் ரகசிய அறை, அதில் அரசி நெஃபர்டிட்டி என்று பத்திரிகைகள் பரபரத்தன. 2018இல் இத்தாலியின் டுரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ரேடாரால் முழுமையாகச் சோதித்துவிட்டு, பின்னால் அறை எதுவும் இல்லை என்றது. கேமரா பொய் சொல்லவில்லை, சுவரில் வெப்பம் மாறித்தான் இருந்தது. அதற்கு அர்த்தம் கற்பித்தது மனிதர்கள்.

அதனால் யோக்கியமான ஆள் படத்தோடு நிறுத்த மாட்டார். சந்தேகப்பட்ட இடத்தில் ஈரமானியின் இரண்டு ஊசியைக் குத்திப் பார்ப்பார். அப்புறம் மேஸ்திரியைக் கூப்பிட்டு அங்கே ஓர் ஓட்டை மட்டும் பேர்க்கச் சொல்வார். அடியில் சுருக்கி கையில் ஒட்டினால் சரி. பொடியாக உதிர்ந்தால் படம் தப்பு. வேண்டுமானால் அந்தப் பகுதிக்கு மட்டும் பாத்தி கட்டித் தண்ணீரை ஓரிரு நாள் தேக்கி, மறுபடி படம் எடுக்கலாம்.

இவ்வளவு மெனக்கெடுவது ஒரு பழுப்பு வட்டத்துக்காகவா என்று கேட்கலாம். மற்ற ஊரில் கேட்டால் நியாயம். மீஞ்சூரில் ஓதம் என்பது வெறும் அழுக்கு விவகாரமல்ல. 1960களின் கடைசியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு நடந்த ஆய்வுக்குப் பின் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களிலிருந்து சென்னைக்கு நீர் இறைத்தார்கள். இறைத்த இறைப்பில் கடல் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. நிலத்தடி நீரில் உப்பு ஏறிய கதைக்குப் பாடப்புத்தகம் இந்த ஊரைத்தான் உதாரணம் காட்டும். பின்னால் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்ததும் இதே பக்கத்தில், காட்டுப்பள்ளியில்: நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்.

இப்போது வீடு கட்டிய கதைக்கு வருவோம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, கம்பி கட்டிய கான்கிரீட்டில் கலக்கும் நீருக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. கடற்காற்று நேரே படும் இடத்தில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் போர்வை கேட்கிறது. சொந்த போரில் வந்த தண்ணீரைப் பரிசோதிக்காமல் கலந்து, கவர் பிளாக்குக்குப் பதில் கைக்கு அகப்பட்ட ஜல்லியைக் கம்பிக்கு அடியில் தள்ளிக் கட்டிய வீடுகள் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. அப்படிப்பட்ட தளத்தில் மேலிருந்து ஈரமும் சேர்ந்தால் உப்புக்கு வாகனம் கிடைத்த மாதிரி. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பாக இருந்தபோது பிடித்த இடத்தைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கிறது. கான்கிரீட் விரிந்து, அடிப்பக்கக் காரை தட்டையாகக் கழன்று, ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் விழுகிறது.

விழுவதற்கு முன் ஒரு கட்டம் இருக்கிறது. காரை கழன்றுவிட்டது, ஆனால் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் மெல்லிய காற்று இடைவெளி. காற்று வெப்பத்தைச் சுலபமாகக் கடத்தாது. அதனால் கழன்ற திட்டு ஒட்டியிருக்கும் பகுதியோடு சேர்ந்து சூடாவதுமில்லை, சேர்ந்து ஆறுவதுமில்லை. கேமராவில் கரை கட்டினாற்போல் தெரியும். துருவை அது காட்டவில்லை. துரு செய்த வேலையைக் காட்டுகிறது. இதே வேலையைப் பழைய மேஸ்திரிகள் சுத்தியல் காம்பால் செய்வார்கள். தட்டினால் 'டங்' என்றால் திடம், 'பொத்' என்றால் பொக்கை. காது கூர்மையான மேஸ்திரி கேமராவுக்குச் சளைத்தவரல்ல என்பதே உண்மை. அவரால் முடியாதது, ஐந்து மாடிக் குடியிருப்பின் ஒவ்வொரு சீலிங்கையும் ஒரே பொழுதில் தட்டிப் பார்ப்பது. கேமரா எங்கே தட்ட வேண்டும் என்று சொல்லும், மேஸ்திரி தட்டுவார். அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால், உடைத்த முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளிக்கலாம். கான்கிரீட்டின் காரத்தன்மை நலமாக இருந்தால் பளிச்சென்று ரோஜா நிறமாகும். நிறம் மாறாவிட்டால் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள்.

பெரிய குடியிருப்புகளைப் பற்றிப் பேசும்போது திருவொற்றியூரை விட்டுவிட முடியாது. 2021 டிசம்பர் 27 அன்று, கிராமத் தெரு அரிவாக்குளத்தில் 1993இல் கட்டிய வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக், 24 வீடுகளோடு, காலை நேரத்தில் சரிந்து விழுந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசல் விட்டதைக் குடியிருந்தவர்களே கவனித்து, ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். அன்றைக்கு வேலை செய்தது வெறும் கண்ணும் அக்கம்பக்கத்துச் சத்தமும். கேமரா விற்பவர்கள் இப்படிப்பட்ட சம்பவத்தை விளம்பரத்துக்கு இழுப்பது சரியல்ல. விழப்போகும் நாளில் அதற்கு வேலை இல்லை. அதற்கு வேலை பல ஆண்டு முன்னால், விரிசல் கண்ணுக்குத் தெரியாத நாட்களில். அதே 2021 ஜூனில் அமெரிக்காவின் புளோரிடாவில், சர்ஃப்சைடு என்ற கடலோர ஊரில் ஓர் அடுக்குமாடி இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல் குளத் தளத்தின் நீர்காப்பு செயலிழந்துவிட்டது, தளம் வாட்டமில்லாமல் கட்டப்பட்டதால் தண்ணீர் தேங்குகிறது என்று 2018லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். கண்டுபிடிக்கக் கருவி இல்லாததல்ல அங்கே குறை. அறிக்கை வந்த பிறகு செலவை யார் ஏற்பது என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

கேமரா எடுபடாத கூரைகளும் இந்தப் பக்கம் நிறைய. எண்ணூர்க் குப்பங்களிலும் மீஞ்சூரின் பட்டறைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தகர ஷீட்டும்தான் கூரை. மெல்லிய ஷீட் ஒரு மேகம் கடந்தாலே ஆறிவிடும். ஈரத்தைத் தேக்கி வைத்துக் காட்டிக்கொடுக்க அதில் சதை கிடையாது. அங்கே பகலில் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் போதும், ஜே போல்ட்டின் வாஷர் போன ஓட்டையெல்லாம் நட்சத்திரமாகத் தெரியும். ராயபுரத்துப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் வேறு ரகம். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. கம்பி இல்லை, துரு இல்லை. ஆனால் சட்டத்தின் முனை சுவருக்குள் புதையும் இடத்தில் ஈரம் தேங்கினால் மரம் உளுத்துவிடும். அந்த முனைகளை மட்டும் கேமராவால் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவது நல்ல உபயோகம்.

வீட்டுத் தளத்தில் படம் எடுத்தாயிற்று, நீலத் திட்டும் கிடைத்துவிட்டது. அடுக்குமாடியாக இருந்தால் அதற்கப்புறம்தான் நிஜமான வேலை, சங்கக் கூட்டத்தில். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. ஒழுகுவது மேல்வீட்டுக்காரருக்கு மட்டும். தரைவீட்டுக்காரர் பணம் தர யோசிப்பார். செயலாளர் வண்ணப் படத்தை நாலு பேர் கைக்கும் கொடுப்பார். ஏ நான்கு தாளில், பாதி வீடு மூழ்கிப்போன மாதிரி, ஒரே நீலம்.

இந்த நீலத்தில் ஒரு சூது இருக்கிறது. படத்தின் ஓரத்தில் நிறப்பட்டை ஒன்று, மேலும் கீழும் ஓர் எண்ணோடு இருக்கும். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருபது டிகிரி வைத்தால் அதே சீலிங் ஒரே நிறமாக, சமர்த்தாகத் தெரியும். இரண்டு டிகிரியாகச் சுருக்கினால் ஒன்றுமில்லாத வித்தியாசமும் அபாயச் சங்கு ஊதும். கேமராவில் ஒரு பொத்தான்தான். ரசாயனப் பூச்சு விற்கும் ஆளே இலவசமாகப் படம் எடுத்துத் தரும்போது பொத்தான் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லத் தேவையில்லை. படத்தோடு எடுத்த தேதி, மணி, அன்றைய வெயில், காற்று, அதே இடத்தின் சாதாரணப் போட்டோ இவை இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மீஞ்சூர் மாதிரி ஊரில் ஒரு சௌகரியம், கூட்டத்தில் யாராவது ஒருவர் மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக இருப்பார். தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, படத்தைப் பார்க்காமல் ஓரத்து எண்ணைப் பார்ப்பார்.

"இன்னா தம்பி, மேல முப்பத்தொண்ணு, கீழ இருபத்தொம்பதரை. ஒண்ணரை டிகிரிக்கா இந்த எஸ்டிமேட்டு?"

"ஒண்ணரை டிகிரின்னாலும் ஈரம் ஈரந்தானே அண்ணே," என்பார் மேல்வீட்டுக்காரர். அவர் சொல்வதும் தவறில்லை. ஒன்றரை டிகிரியில் நிஜக் கசிவு அகப்படுவது உண்டு. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை வரவழைத்து நீலத்துக்கு மேலே ஓர் ஓட்டையும், பக்கத்தில் நிறம் மாறாத இடத்தில் இன்னொன்றையும் பேர்த்துப் பார்ப்பது என்று முடிவாகும். பேர்க்கிற கூலியை யார் தருவது என்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்படும்.